உயரத்துக்கேற்ற எடையா? ஒரு கணக்கு, ஒரு பூ நூல்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை. மாத்திரை வாங்க வருகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் என்று யாராவது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். இறங்கியதும் பாதிப்பேர் கடைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்: "இவ்ளோ காட்டுதே, சரியா இருக்கேனா?"

கோயில் பக்கம் பூ விற்கும் அக்கா ஒருவர் போன ஆடி மாதம் இதையேதான் கேட்டார். "62 காட்டுது தம்பி. இது அதிகமா, கம்மியா?"

"உங்க உயரம் எவ்வளவுக்கா?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எடையைப் பத்து இடத்தில் பார்த்திருப்போம். உயரத்தைக் கடைசியாக அளந்தது பள்ளிக்கூடத்தில் இருக்கும்.

உயரம் தெரியாமல் எடையை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 சென்டிமீட்டர் உயரமுள்ள பையனுக்கு அது அளவான எடை. அவனுடைய அம்மா 155 சென்டிமீட்டர்தான், அவருக்கும் அதே 70 கிலோ என்றால் டாக்டர் உடனே சர்க்கரையும் பிரஷரும் பார்க்கச் சொல்வார். மெஷின் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணை உயரத்தோடு சேர்த்துப் படிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதுதான் பி.எம்.ஐ. தமிழில் உடல் நிறைக் குறியீட்டெண் என்பார்கள். பேச்சில் எல்லோருக்கும் பி.எம்.ஐ.தான்.

கணக்கு சின்னது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் ஒரு தடவை வகுங்கள். வந்த விடையை அதே உயரத்தால் இன்னொரு தடவை வகுங்கள். அவ்வளவுதான், சாதா போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். அக்காவைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தபோது 152 சென்டிமீட்டர் வந்தது. அதாவது 1.52 மீட்டர். 62-ஐ 1.52-ஆல் வகுத்தால் 40.79. அதை மறுபடி 1.52-ஆல் வகுத்தால் 26.8. அக்காவின் பி.எம்.ஐ. இதுதான். மேலே சொன்ன பையனுக்கு இதே மாதிரி போட்டுப் பாருங்கள், 21.6 வரும். அவன் அம்மாவுக்கு 29.1.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. உயரத்தை நாம் அடியிலும் அங்குலத்திலும் சொல்லிப் பழகியவர்கள். ஐந்தடி பத்தங்குலம் இருக்கிறவர் அதை 5.10 என்று எழுதுவார். அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டினால் அது 5.1 அடி என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தடி பத்தங்குலம் என்பது சுமார் 178 சென்டிமீட்டர், 5.1 அடி என்பது 155 சென்டிமீட்டர்தான். ஒரு புள்ளியில் 22 சென்டிமீட்டர் காணாமல் போய், நன்றாக இருக்கிற மனுஷன் பயந்துபோய் நிற்பார். அதனால் அடியை முதலில் அங்குலமாக்குங்கள், ஓர் அடிக்கு 12 அங்குலம். மொத்த அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். ஐந்தடி மூன்றங்குலம் என்றால் 63 அங்குலம், அது 160 சென்டிமீட்டர்.

சரி, அளப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தப்பினால் பி.எம்.ஐ.யில் கிட்டத்தட்ட முக்கால் புள்ளி தப்பிவிடும், ஏனென்றால் அந்தத் தப்பை இரண்டு தடவை வகுக்கிறோம். செருப்பைக் கழற்றுங்கள். கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், தலையில் பூ இருந்தால் எடுத்துவிடுங்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நின்று நேராகப் பாருங்கள். அட்டை தடித்த நோட்டுப்புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்து, அதன் அடி விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் இன்னொருவர் கோடு போட வேண்டும். தானே போட்டுக்கொண்டால் கை தூக்கும்போது உடம்பும் எக்கும். எடைக்கு, மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். பாய், கால்மிதி மேல் வைத்தால் எண் மாறும். காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் சாப்பிடும் முன் பார்ப்பது நல்லது. காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வித்தியாசம் சாதாரணம். அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

ஏன் இரண்டு தடவை வகுக்கிறோம்?

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் இதைக் கேட்டான். நல்ல கேள்வி. ஒரு செப்புக்குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தில், உயரம் அகலம் எல்லாம் இரண்டு மடங்காக இன்னொரு குடம் செய்தால் அது எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். மனிதர்களும் இப்படி எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் எடையை உயரத்தால் மூன்று தடவை வகுக்க வேண்டியிருக்கும். ஆனால் நெட்டையானவர் குட்டையானவரைப் பெரிதாக்கி எடுத்த பிரதி இல்லை. உயரம் கூடுகிற விகிதத்தில் தோளும் இடுப்பும் அகலமாவதில்லை.

இதை எண்களால் முதலில் எடுத்துக்காட்டியவர் பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் கெத்லே. மருத்துவர் இல்லை, வானியலும் புள்ளியியலும் படித்தவர். நட்சத்திரங்களை அளந்த கையோடு மனிதர்களையும் அளக்க ஆரம்பித்து, 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்று தேடினார். 1835-இல் வெளியிட்ட நூலில், வளர்ந்த ஆட்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் இருமடிக்கு, அதாவது உயரத்தை அதே உயரத்தால் பெருக்கினால் வருவதற்கு, ஏற்ப ஏறுகிறது என்று எழுதினார். உடல் பருமன் அவருடைய கவலையே இல்லை. அந்தக் கணக்குக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வந்தது 1972-இல். அமெரிக்க உடலியலாளர் ஏன்சல் கீஸும் அவருடன் இருந்தவர்களும் ஐந்து நாடுகளில் 7,400-க்கும் அதிகமான ஆண்களை அளந்து பார்த்து, புழக்கத்தில் இருந்த பல சூத்திரங்களில் இது எளிதானது, மற்றவற்றுக்குக் குறைந்ததும் இல்லை என்று சொன்னார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட அந்தக் கணக்கில் இல்லை.

இந்தப் பழைய கதையை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஊரையோ நாட்டையோ மொத்தமாகப் பார்ப்பதற்காகப் பிறந்த கணக்கு இது. ஒரு தனி ஆளை எடுத்து, 'உனக்கு இவ்வளவு கொழுப்பு இருக்கிறது' என்று சொல்லும் சக்தி அதற்குக் கிடையாது. அது கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத்தான் பார்க்கிறது. ரொம்ப நெட்டையானவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியும், ரொம்பக் குட்டையானவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தும் காட்டுகிற பழக்கமும் அதற்கு உண்டு.

நம் பெரியவர்களிடம் இன்னொரு கணக்கும் புழங்கியது. உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி நூறைக் கழி, மிச்சம்தான் எடை. 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பேரில் வழங்குகிற கணக்கு அது. புதுச்சேரியில் இருக்கும் என் பெரியப்பா அதைத்தான் கடைசிவரை நம்பினார். 150 சென்டிமீட்டர்காரருக்கு 50 கிலோ என்று அது சொல்வது சரியாகத்தான் வருகிறது, பி.எம்.ஐ. 22.2. ஆனால் 175 சென்டிமீட்டர்காரருக்கு 75 கிலோ வரை விட்டுவிடுகிறது. அங்கே பி.எம்.ஐ. 24.5. நம்மவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம்.

நம்மவர்களுக்கு 23

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அட்டவணையில் 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25 முதல் 29.9 வரை அதிக எடை. 30-க்கு மேல் உடல் பருமன். போனில் இருக்கும் பல ஆப்கள் இதைத்தான் காட்டும். போன மாதம் ஒரு தம்பி வந்து, 172 சென்டிமீட்டர், 72 கிலோ, 24.3 என்று போனில் பச்சை நிறத்தைக் காட்டிச் சந்தோஷப்பட்டார். அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை. நான்தான் இருவருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பச்சை நிறத்தை நம்பி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் ஆசியர்களுக்கு, குறிப்பாக நமக்கு, சர்க்கரையும் இதய நோயும் 25 வரை காத்திருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர்களே 2004-இல், ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய கூடுதல் எல்லைகளாகக் குறித்தார்கள். 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த அளவு இன்னும் கறாரானது: 22.9 வரைதான் இயல்பு, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25-இலிருந்தே உடல் பருமன். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 23.

இதை எடையாகச் சொன்னால் இன்னும் புரியும். 150 சென்டிமீட்டர் இருப்பவருக்கு ஏறத்தாழ 42 முதல் 51 கிலோ வரை இயல்பு. 160 இருந்தால் 47 முதல் 58 வரை. 170 இருந்தால் 54 முதல் 66 வரை. ஒவ்வொன்றிலும் ஒன்பது, பன்னிரண்டு கிலோ அகலம் இருப்பதைக் கவனியுங்கள். 'உன் உயரத்துக்கு இத்தனை கிலோதான் இருக்க வேண்டும்' என்று ஒற்றை எண் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கறார்? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. உடம்பில் கொழுப்பின் அளவு மட்டும் வேறு. இங்கிலாந்துக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். அதே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கும் அதிகமான கொழுப்பு. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. கையும் காலும் குச்சியாக இருக்க, தொப்பை மட்டும் முன்னால் வருகிற உடம்புவாகு நம் தெருவில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நமக்குத் தசை குறைவு, அதோடு கொழுப்பு சேரும் இடமும் வயிற்றுக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி. அங்கே சேர்கிற கொழுப்புதான் இன்சுலின் வேலையைக் கெடுத்துச் சர்க்கரையைக் கொண்டுவருகிறது. தோலுக்குக் கீழே தொடையில் சேர்வது அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

இது எங்கேயோ நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளியான பெரிய நாடு தழுவிய ஆய்வில், புதுச்சேரியில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நாட்டின் சராசரி 11. வயிற்றுப் பருமன் நாட்டில் நூற்றுக்கு 40 பேரிடம். புதுச்சேரியில் 61 பேரிடம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 25 கிலோமீட்டர்கூட இல்லை. அதே கடல், அதே மீன், அதே பரோட்டா, அதே பிரியாணி.

பூ நூல்

இப்போது அக்காவிடம் வருகிறேன். 26.8 என்று வந்ததும், 'அப்போ நான் குண்டா தம்பி?' என்று முகம் சுருங்கிவிட்டார். காலை மூன்றரை மணிக்கு எழுந்து பூ மண்டிக்குப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து கட்டுகிறவர். அவரிடம் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இன்னொன்றையும் அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். டேப் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் கூடையிலேயே பூக்கட்டும் நூல்கண்டு இருந்தது.

நூலின் ஒரு முனையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை உச்சந்தலை வரை இழுத்து அங்கே நறுக்கினோம். அது அவருடைய உயரம். அதை இரண்டாக மடித்தால் பாதி உயரம், 76 சென்டிமீட்டர். முழம் போட்டு விற்கிற கை அல்லவா, மடித்த நூலைப் பார்த்ததும் அவரே, "ஒரு முழமும் முக்காலும் இருக்கும்" என்றார். அந்தப் பாதி நூலை அவர் வயிற்றைச் சுற்றி வைத்துப் பார்க்கச் சொல்லி, கடையில் வேலை பார்க்கும் பெண்ணோடு உள்ளே அனுப்பினேன். இரண்டு முனையும் சேர வேண்டும். சேரவில்லை. நடுவே நான்கு விரல் இடைவெளி.

இந்தச் சோதனையில் இருக்கிற விதி ஒன்றே ஒன்று: இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2022-இல் தன் மக்களுக்குச் சொன்னதும் இதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி, வகுத்தல் பெருக்கல் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துக்கொள்ளலாம். டேப்பில் பார்க்கிறவர்களுக்கு நம் நாட்டு எல்லை, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும்.

நூலை எந்த இடத்தில் சுற்றுவது என்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். "என் பேண்ட் சைஸ் 34, அப்போ இடுப்பு 34" என்பார்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. வேட்டி முடிச்சும் அப்படித்தான், பாவாடை நாடாவும் அப்படித்தான், அரைஞாண் கயிறும் அப்படித்தான். எல்லாம் தொப்பை வளர வளரக் கீழே இறங்கிக்கொள்ளும். 34 பேண்ட் போடுகிறவரின் வயிறு 38 இருப்பதை எத்தனையோ தடவை அளந்து காட்டியிருக்கிறேன். சரியான இடத்தைக் கையால் தேடுங்கள். விலாவில் விரலை வைத்துக் கீழே வந்தால் கடைசி விலா எலும்பு முடியும் இடம் தெரியும். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பும் கைக்கு அகப்படும். இரண்டுக்கும் சரிபாதியில் நூலைச் சுற்றுங்கள், பலருக்கு அது தொப்புளை ஒட்டி வரும். துணிக்கு மேலே வேண்டாம். வயிற்றை எக்கவும் வேண்டாம், உப்பவும் வேண்டாம். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, அந்த நேரத்தில் பாருங்கள். நூல் தோலில் பட வேண்டும், அழுந்தக் கூடாது.

இந்த நூல் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆளைச் சொல்கிறேன். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் தூக்கும் அண்ணன் ஒருவர். 168 சென்டிமீட்டர், 74 கிலோ. பி.எம்.ஐ. போட்டால் 26.2. அட்டவணையைப் பார்த்தால் அக்காவோடு ஒரே கட்டத்தில் நிற்கிறார். ஆனால் பாதி உயர நூல் அவரைச் சுற்றி வந்து முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இடுப்பு 80. அவர் உடம்பில் இருப்பது இருபது வருஷமாகச் சுமை தூக்கிய தசை. அந்தப் பச்சை நிறத் தம்பிக்கும் நூல் வைத்துப் பார்த்தோம். 24.3 பி.எம்.ஐ., இடுப்பு 92. உயரத்தில் பாதி 86. மூன்று பேரில் நான் உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னது அவரைத்தான். அக்காவை அந்த வாரத்துக்குள். அண்ணனிடம், வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

2025 ஜனவரியில் உலக அளவிலான மருத்துவ வல்லுநர் குழு ஒன்று 'லான்செட்' இதழ்வழியே சொன்னதும் இதே திசையில்தான் போகிறது. பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இடுப்பளவையோ கொழுப்பையோ கூடவே அளக்க வேண்டும். அதனால் உறுப்புகளோ அன்றாட நடமாட்டமோ பாதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஒல்லியாக இருந்தால் நல்லதா?

பருமனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மறுபக்கத்தை மறந்துவிடுவோம். இந்த மாவட்டத்துக்குப் பசி புதிதில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 18.5-க்குக் கீழே இருக்கிறவர்கள் இப்போதும் கடை வாசல் மெஷினில் ஏறுகிறார்கள். முந்திரி உடைக்கப் போகும் பெண்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் வயசானவர்கள். அவர்கள் 'ஒல்லியா இருக்கேன், நல்லதுதானே' என்று சிரித்துவிட்டுப் போகும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். எடை குறைந்த உடம்பு நோயை எதிர்க்கத் திணறும். காசநோய் அதில் முதல் ஆள்.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இந்த பி.எம்.ஐ.யை உயிர் காக்கப் பயன்படுத்துகிறது. புதிதாகக் காசநோய் என்று தெரிந்தவருக்கு எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்ஸிஜன், ஆதரவு இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் உடனே பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, 16-க்குள் இருந்து காலும் வீங்கியிருந்தாலோ, கடுமையான நிலை என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், எடை மெஷினும் சுவரில் ஒரு அளவுகோலும் போதும். அதனால்தான் இந்தக் கணக்கின் குறைகள் எல்லாம் தெரிந்தும் நான் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

கூடவே ஒன்று. எடை குறைக்க நீங்கள் எதுவும் செய்யாமலே, ஆறு மாதம் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை இறங்கினால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ, சந்தோஷப்படாமல் டாக்டரிடம் போங்கள். உங்கள் பி.எம்.ஐ. அப்போது அழகாக 22 காட்டிக்கொண்டிருக்கலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாம் இப்படித்தான் ஆரம்பத்தில் தலைகாட்டும்.

இந்தக் கணக்கைப் போடவே கூடாத சிலரும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடையைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். கால் வீங்கியவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் எடையில் பாதி கதை தண்ணீர்தான். கூன் விழுந்த பாட்டியின் உயரம் இளமையில் இருந்ததைவிட நாலைந்து சென்டிமீட்டர் குறைந்திருக்கும். அவர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் நுனிக்கு விரல் நுனி அளந்தால் பழைய உயரம் கிட்டத்தட்டக் கிடைக்கும். வயசானவர்களுக்கு ஒன்றிரண்டு புள்ளி கூடுதலாக இருப்பதே நல்லது, அவர்களைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இந்த 18.5, 23 எதுவும் பொருந்தாது. நன்றாக வளரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு பி.எம்.ஐ. 15 என்பது சரியான அளவு. பெரியவர்கள் அட்டவணையை வைத்துப் பார்த்தால் அது நோஞ்சான் மாதிரி தெரியும். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, வயதுக்கு வயது மாறும் வளர்ச்சி வரைபடம் அங்கன்வாடியிலும் குழந்தை டாக்டரிடமும் இருக்கிறது. அதில் குழந்தை நிற்கும் புள்ளியைவிட, மாதத்துக்கு மாதம் அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 112 இருந்தது. நூறைத் தாண்டியாயிற்று, 126-ஐத் தொடவில்லை; சர்க்கரை வரப்போகிற வாசல்படி. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. 62 கிலோவை 53-க்குக் கொண்டுவா என்றும் சொல்லவில்லை. முதலில் மூன்று கிலோ இறக்கு, அதற்கே சர்க்கரையும் பிரஷரும் இறங்கும் என்றார். நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தாலே உடம்பில் மாற்றம் தெரியும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம்.

அக்கா செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. மதியத் தட்டில் சோறு பாதியாகி, அந்த இடத்தில் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு மீனும், ஒரு கரண்டி சுண்டலும், கீரையும் வந்தன. நாளுக்கு ஐந்து டீயில் சர்க்கரை போட்டது மூன்றுதான். சாயங்காலக் கூட்டம் சேரும் முன் கெடிலம் பாலம் வரை போய்த் திரும்புகிறார். மாதம் ஒரு முறை, முதல் வெள்ளிக்கிழமை காலையில் மெஷினில் ஏறுவார். எண்ணைக் கடைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அட்டையில் நானே எழுதி வைக்கிறேன். முதல் மாதம் எடை அசையவில்லை, 62-தான். ஆனால் நூலில் அரை விரல் குறைந்திருந்தது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான் முதலில் கரைய ஆரம்பிக்கும் என்பதால் பலருக்கு இப்படித்தான் நடக்கும். மெஷினை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த நேரத்தில்தான் மனம் தளர்ந்து நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது மாதம் 60. பி.எம்.ஐ. 26. நூலின் இடைவெளி இரண்டு விரல். அந்த நூலை மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்.